பெயின்ட் அடிக்காத இரும்பு

எங்கள் பயிற்சிக்கூடம் அதற்கு முன்னால் புளி குடோனாக இருந்தது. குந்தாரப்பள்ளிச் சந்தைத் திடலுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம். மூட்டைகளைக் காலி செய்து எத்தனையோ காலமாகியும் வாசனை மட்டும் காலி செய்யாமல் உட்கார்ந்திருந்தது. மழைநாளில் உள்ளே நுழைந்தாலே வாயில் எச்சில் ஊறும். அந்தக் காற்றுக்கு இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்று எண்ணெய்த் துணியும் கையுமாகவே நான் அலைவேன். சந்தை நாளில் மாடுகள் போடுகிற சத்தத்துக்கு மேலே நான் சத்தம் போட்டுப் பாடம் நடத்த வேண்டும். அது எனக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்திருந்த பெயர் 'சைரன்'.

நான் படித்து வாத்தியார் ஆனவள் இல்லை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற பிரிவில் வேலை செய்தேன். தலையில் நரை விழுந்த சமயத்தில் அந்தக் கம்பெனி மெஷின்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டது. எங்களை ஏற்ற லாரி வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஓர் அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் வந்து, பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைகளுக்குக் கம்பெனி வேலை பழக்க முடியுமா என்று கேட்டார்கள். சம்மதித்தேன். திட்டுவதற்குப் புது ஆட்கள் கிடைத்தார்கள் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

அறக்கட்டளையின் அறிக்கைகளில் எங்கள் பிள்ளைகளுக்கு 'இடைநின்றவர்கள்' என்று பெயர். எனக்கு அந்தச் சொல்லைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். நின்றுகொண்டிருந்த பிள்ளை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. தக்காளி பறித்துக்கொண்டிருந்தார்கள், கிரானைட் குவாரியில் சல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள், மாங்கூழ்த் தொழிற்சாலையில் சீசனுக்குக் கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். வகுப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஓடும். அதனால் முதல் நாளே ஒரு பயிற்சி வைத்திருந்தேன். நான் 'நிறுத்து' என்றாலும் 'ஆபு' என்றாலும் 'நில்சு' என்றாலும், வேலை செய்கிற கைகள் எல்லாம் தலைக்கு மேலே போய்விட வேண்டும். சந்தைக்கு வந்த ஒருவர் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ ஜெபக்கூட்டம் நடக்கிறது என்று நினைத்து வெகுநேரம் நின்றிருந்தார்.

பெரிய கம்பெனிகளில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷினுக்குக் காவல் உண்டு. இரண்டு பட்டனை இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மெஷின் இறங்கும். தகட்டை வெளியே இருக்கும் தட்டில் வைத்தால் போதும், அது தானாக உள்ளே போய்விட்டுத் திரும்பி வரும். வாய்க்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை இருக்கும். விரல் அதைத் தாண்டினால் மெஷின் நின்று பஸ்ஸர் அலறும். எங்களிடம் இருந்ததோ யாரோ தானமாகக் கொடுத்த கைப்பிரஸ். ஒருவர் மேலே உள்ள கைப்பிடியைச் சுழற்றினால்தான் இறங்கும். அதற்கு நான் ஒரு மரப்பெட்டியில் இரண்டு காலிங்பெல் சுவிட்சும் ஒரு பல்பும் மாட்டினேன். ஒரு பிள்ளை இரண்டையும் சேர்த்து அழுத்தி பல்பு எரிந்தால்தான் இன்னொரு பிள்ளை கைப்பிடியைச் சுற்றலாம். ஒளித்திரைக்குப் பதிலாகக் குறுக்கே ஒரு நூலைக் கட்டி, அதில் சலங்கை மணிகளைத் தொங்கவிட்டிருந்தேன். தகட்டைப் பலகைத் துண்டில் வைத்துக் குச்சியால் நூலுக்கு அடியில் தள்ள வேண்டும். சலங்கை குலுங்கிவிட்டால், குலுக்கியவர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ போட வேண்டும். ஆரம்பத்தில் டீக்குப் பஞ்சமே இருக்காது.

சலங்கையை ஒரு தடவைகூடக் குலுக்காத பெண் ஒருத்தி இருந்தாள். பர்கூர்ப் பக்கத்துக் குவாரிக் குடும்பம். ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, பூப்பண்ணைக்கு ரோஜா வெட்டப் போய்க்கொண்டிருந்தவள். வயது பத்தொன்பது. பேச்சு குறைவு. விரல் நுனியெல்லாம் முள் கிழித்த தழும்பு. அந்தக் கை தகட்டைப் பிடிக்கிற நிதானத்தைப் பார்த்தால் எனக்குத் திட்ட ஒன்றும் கிடைக்காது, ஒன்றே ஒன்றைத் தவிர.

வேலையை ஆரம்பிக்கும் முன்னால் அவள் கைப்பிரஸின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பெயின்ட் உரிந்து இரும்பு தெரிகிற ஓர் இடம் அதற்கென்றே இருந்தது.

எனக்குக் கோயில் குளம் பழக்கம் குறைவு. "அது இரும்பு. இரும்புக்குக் காதும் கிடையாது, கண்ணும் கிடையாது. மெஷின்ல தேவையில்லாமக் கை வைக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?" என்பேன்.

"சரிங்க மிஸ்" என்பாள். மறுநாள் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் தொட்டுவிட்டு உட்கார்வாள்.

ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்து, ஏன் என்று கேட்டேன்.

"குவாரியில கம்ப்ரஸரக் கும்புடாம யாரும் ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க மிஸ். எங்கம்மாவும் பாலிஷ் மெஷினத் தொட்டுட்டுதான் நிப்பாங்க. தொடலன்னா கை நடுங்குது மிஸ். நானு என்னா பண்ணட்டும்?"

நடுங்குகிற கையை வைத்துக்கொண்டு தகடு பிடிக்க முடியாது. அதனால் அந்த ஒரு விஷயத்தில் நான் வாயைத் தைத்துக்கொண்டேன். எங்கள் கைப்பிரஸின் கால் யாரையும் கடித்துவிடப் போவதில்லை.

அவளுக்கு ஒரு தங்கை. பத்தாவது எழுதிவிட்டு லீவில் இருந்தாள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் அக்காவோடு பஸ் ஏறி வந்து, குடோன் வாசலில் உட்கார்ந்து யாரிடமோ இரவல் வாங்கிய பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள். வாய் மூடாத பெண். என் காலிங்பெல் பெட்டியில் ஒயரை மாற்றி மாட்டியிருக்கிறேன் என்று முதல் நாளே கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது, பிறகு சரி செய்தேன்.

ரிசல்ட் வந்த அன்று தங்கை நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். அக்கா எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தாள். என்னிடம் வந்தபோது மட்டும் கொஞ்சம் தயங்கினாள்.

"எனக்குக் கம்பெனியில கெடைச்சாதான் மிஸ் அவ பதினொண்ணாவது. அம்மா சொல்லிட்டாங்க."

அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்குக் கல்தூள் நெஞ்சில் இறங்கி, பொங்கலிலிருந்து வேலைக்குப் போக முடியவில்லை. பூப்பண்ணைக் கூலி ஒன்றை வைத்து அந்த வீடு ஓடாது. இரண்டு பேர் பண்ணை வேன் ஏறினால்தான் ஓடும். கம்பெனிச் சம்பளம் என்றால் ஒருத்தி போதும். பூப்பண்ணை மேஸ்திரி வாரா வாரம் வந்து, சின்னவளை எப்போது அனுப்புகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் பொறுங்கள் என்று அம்மா தவணை சொல்லி வைத்திருந்தார். கெட்ட மனசுக்காரர் இல்லை அந்த அம்மா. வழி இல்லாதவர், அவ்வளவுதான்.

சூளகிரியைத் தாண்டி ஒரு கம்பெனியில் எங்கள் பிள்ளைகளுக்குச் செய்முறைத் தேர்வு வைத்தார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குச் சில நாட்கள்தான் இருந்தன. எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். சாமி பெயராக இருக்கும் என்று காது கொடுத்தேன். "தட்டு, ரெண்டு கை, தட்டு, ரெண்டு கை" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வு நடக்கிற இடத்தைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். மெஷின் அழகாகத்தான் இருந்தது. பக்கமெல்லாம் பச்சை பெயின்ட் அடித்த தகடு, மேலே பிளாஸ்டிக் மூடி, முன்னால் பட்டன் பலகை. பக்கத்தில் சேஃப்டி ஆபீசர் நின்றிருந்தார். ஆனேக்கல் பக்கத்து இளைஞர், கன்னடம் கலந்த தமிழ். எங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்ச் செய்துவிட்டு வந்தார்கள். இரண்டு பேர் கொஞ்சம் தடுமாறினாலும் தேறிவிட்டார்கள்.

அவள் முறை வந்தது. மெஷினுக்கு முன்னால் போய் நின்றவள் உடனே ஆரம்பிக்கவில்லை. பக்கத்தில் குனிந்து பார்த்தாள். காலைப் பார்த்தாள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவளாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் கண்ணாடியைத் தட்டுவதற்குள் அவள் நேராகக் கையை நீட்டி, மெஷினின் வாய்க்குள்ளே அடிக்கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பஸ்ஸர் அலறியது. சிவப்பு விளக்கு சுழன்றது. பக்கத்து மெஷின்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒற்றின கை கண்ணிலேயே இருக்க, அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஆபீசர் அவளை வெளியே அனுப்பிவிட்டார். தேறவில்லை. வேண்டுமானால் அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வரலாம் என்றார். அது எப்போது என்று கேட்டேன். தீபாவளிக்கு அப்புறம் இருக்கலாம் என்றார். அதற்குள் தங்கை எத்தனை ரோஜாவை வெட்டியிருப்பாள் என்று எனக்குத் தோன்றிய மாத்திரத்தில் குரல் எகிறிவிட்டது.

மெஷினின் பட்டன் பலகை ஓரத்தில் போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தன. அதைக் காட்டிக் கேட்டேன். "உங்க மெஷினுக்குப் பொட்டு வெச்சது யாரு? நீங்க பூசணிக்கா உடைச்சுக் கும்பிட்டா பூஜை, இந்தப் பொண்ணு தொட்டுக் கும்பிட்டா குத்தமா?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"ஆகோதில்லா மேடம், முடியாது. பொட்டு வெச்சப்போ மெயின் ஆஃப் பண்ணி, பூட்டு போட்டு, சாவி என் பாக்கெட்ல இருந்துச்சு. இப்போ மெஷின் உசுரோட இருக்கு. இன்னிக்கு சென்சார் புடிச்சுது. சென்சார் கெட்டுப்போன நாள்ல இந்தப் பொண்ணு கை என்ன ஆகும்? நீங்களே சொல்லுங்க மேடம்."

நானே அதைத்தானே வகுப்பில் கத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது நினைவில்லை, நியாயமாக இருந்திருக்காது.

வெளியே கேட்டுக்கு எதிரே டீக்கடையில் வந்து உட்கார்ந்தோம். மற்ற பிள்ளைகள் தேறின சந்தோஷத்தைக் காட்டப் பயந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆபீசரைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன், மேஸ்திரியைத் திட்டினேன், கடைசியில் டீயில் சர்க்கரை இல்லை என்று கடைக்காரரையும் திட்டினேன். அவளை மட்டும் திட்டவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தெம்பில்லை. எனக்கு அவ்வளவு வேதனையாக இருந்தது.

அந்த நேரம் ஆபீசர் டீ குடிக்க வெளியே வந்தார். என்னைக் கண்டதும் கேட் பக்கமே நின்றுவிட்டார். அவள் எழுந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ரோட்டைக் கடந்து அவரிடம் போனாள். கெஞ்சப் போகிறாள், அதை மட்டும் விடக் கூடாது என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவள் கெஞ்சவில்லை.

"சார், அந்த மெஷின்ல தொடற மாதிரி எடம் எங்க சார் இருக்குது?"

அவருக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"கும்புட்டுட்டு வேல ஆரம்பிக்கறதுக்கு. நானு சுத்தித் தேடிப் பாத்தன் சார். எல்லாத்தையும் மூடி வெச்சிருக்கீங்க. பெயின்டு, பிளாஸ்டிக்கு, கண்ணாடி. உள்ளாரதான் இரும்பு தெரிஞ்சுது."

"அதுக்காகவா கைய உள்ள விட்ட?"

"ஆமாங்க சார். தப்புதான். தப்பில்லாத எடம் எதுன்னு நீங்களே சொல்லுங்க. இனிமே அதையே தொடறன்."

ஆபீசர் கையிலிருந்த செல்போனைப் பாக்கெட்டில் போட்டார். கவனமில்லாத பெண் என்று நினைத்துத்தான் அவர் அவளை அனுப்பியிருக்கிறார். விதியைத் தெரிந்துகொண்டே, இடம் தேடி, கிடைக்காமல் கையை விட்டாள் என்பது இப்போதுதான் அவருக்கு விளங்கியது. என்னுடைய அத்தனை கத்தலிலும் இதை நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கே தெரியாதே!

கொஞ்ச நேரம் மெஷினை மனதுக்குள் சுற்றி வந்தார் போலிருக்கிறது. அப்புறம் சொன்னார். "சிவப்பா பெருசா ஒரு பட்டன் இருக்கில்ல, எமர்ஜென்சி ஸ்டாப்பு? அதத் தொடு. சும்மா தொட்டாப் போதாது, அமுக்கணும். மெஷின் நிக்குதான்னு பாக்கணும். அப்புறம் திருப்பி ரிலீஸ் பண்ணி ஆரம்பி. டெய்லி ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்போ அப்பிடித்தான் செய்யணும்னு ரூல் இருக்கு. யாரும் செய்யறதில்ல."

அவள் யோசித்தாள். "அது பிளாஸ்டிக்கு ஆச்சே சார்."

"பிளாஸ்டிக்தான்மா. ஆனா அவ்ளோ பெரிய இரும்பு அது ஒண்ணுக்குத்தான் அடங்கும்."

அதில் அவளுக்குச் சமாதானம் கிடைத்தது முகத்திலேயே தெரிந்தது. தலையை ஆட்டினாள். ஆபீசர் என் பக்கம் திரும்பி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசி ஆளாக இன்னொரு தடவை கூட்டி வரச் சொன்னார். மேலே கேட்டுச் சொல்கிறேன், உறுதி இல்லை என்றும் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்துகொண்டுதான் அதை வாங்கிக்கொண்டார்.

மதியம் நான் மறுபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவள் போய் நின்றாள். இந்தத் தடவை தேடவில்லை. சிவப்புப் பட்டனை உள்ளங்கையால் அழுத்தினாள். மெஷினின் இரைச்சல் அடங்கியது. அடங்கின பிறகு ஒரு கணம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பட்டனைத் திருப்பி விடுவித்து, ஸ்டார்ட் சுவிட்சைப் போட்டாள். மெஷின் மறுபடி உறுமியது. தட்டில் தகடு, இரண்டு கை. தட்டில் தகடு, இரண்டு கை. கை நடுங்கவில்லை. பஸ்ஸர் அடிக்கவில்லை. தேர்வுக்கு வைத்திருந்த தகடுகள் முடிந்த பிறகும் அவள் கைகள் பட்டனை விட்டு வரவில்லை. ஆபீசர் போதும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

வெகுநேரம் காக்க வைத்தார்கள். பிறகு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து அவளிடம், "ஷூ சைஸ் என்ன?" என்று கேட்டார்.

அவள் பரிதாபமாக என்னைப் பார்த்தாள். இதையும் பாடத்தில் சொல்லித் தரவில்லையே என்கிற பார்வை. பிறந்ததிலிருந்து ரப்பர் செருப்பைத் தவிர வேறு எதையும் போட்டதில்லை, என்ன சைஸ் என்று சொல்வாள்?

"தெரியாதுங்க மேடம்" என்றாள், இன்னொரு தேர்விலும் தோற்றுவிட்ட குரலில்.

வேலைக்கு எடுக்காத பெண்ணுக்கு யாரும் ஷூ அளவு கேட்க மாட்டார்கள் என்பதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்துவிட்டது. பிள்ளைகள் சைரன் அழுவதை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்கள். அதை வைத்து என்னை ரொம்ப நாள் கேலி செய்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று காலையில், அடுத்த பேட்சுக்குப் பிள்ளைகள் தேடி நான் பர்கூர்ப் பக்கம் போயிருந்தேன். அவர்கள் வீடு வழியில்தான். அவளுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், அதனால் வீட்டில் இருந்தாள். வாசலில் கம்பெனி ஷூ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா இருமலுக்கு இடையில் என்னை உட்காரச் சொன்னார். தெரு முனையில் பூப்பண்ணை வேன் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

தங்கை சீருடையில் வெளியே வந்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவே அதிசயம். வேனையும் பார்க்கவில்லை. திண்ணையில் வைத்திருந்த புத்தகப் பையைத் தூக்குவதற்கு முன்னால் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேனைத் தாண்டி நடந்தாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காக்காரி என் பக்கத்தில் வந்து நின்று, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"இதுக்கு பஸ்ஸர் அடிக்காதில்ல மிஸ்?"

"அடிக்காது" என்றேன். "எவ்வளவு வேணும்னாலும் தொடட்டும்."